சனிக்கிழமைக் குதிரைகளின் பங்கு

பொதுப்பணத்தைப் பங்கு போடும் மேசையில் உட்கார்ந்தவனுக்கு ஊரில் தன்மேல் கோபமுள்ளவர்களுக்குக் குறைவிருக்காது. கந்தோரில் மனு வாங்கும் வேலை பார்த்தவர்களுக்கும், மனுவோடு போய் அந்த மேசைக்கு முன்னால் கால்கடுக்க நின்றவர்களுக்கும் நான் இதை விளக்கத் தேவையில்லை. இரண்டு பேரும் பட்டவர்கள்தான்.

நான் கொழும்பில் கிளாக்கராக இருந்தது வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாலு பேர் சேர்ந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையல்காரனை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காலையில் கடற்கரை ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து டிராம் பிடித்துக் கந்தோருக்குப் போவேன்.

சனிக்கிழமைகளில் நடக்கும் குதிரைப் பந்தயத்தில் சனம் கட்டுகிற பணத்துக்கு அரசாங்கம் வரி எடுக்கும். அந்த வரியில் ஒரு பங்கு நான் வேலை பார்த்த மாநகர சபைக்கு வரும். அதை வீதி, தண்ணீர், வெளிச்சம், சுகாதாரம் என்று ஊர்ச்சனத்துக்குப் பிரயோசனமானதற்கே செலவழிக்க வேண்டும். கந்தோரில் நாங்கள் அதைப் ‘பந்தயப் பங்கு’ என்போம். அதில் எதைச் செய்யலாம் என்று கேட்டு வருகிற மனுக்களை வாங்கி, இடத்தைப் போய்ப் பார்த்து, கொமிட்டிக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. முடிவு எடுப்பது சபை மெம்பர்மார். ஏச்சு வாங்குவது நான்.

குழாய் எந்தப் பக்கம்?

கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலுக்குப் பின்னால் போகிற ஒரு ஒடுக்கமான ஒழுங்கைக்குத் தெருக்குழாய் ஒன்று அனுமதியாகியிருந்தது. ஒரே ஒரு குழாய். மேல்முனையில் இருந்தவர்கள் தங்கள் பக்கம்தான் நிலம் உறுதி, அங்கேதான் வைக்க வேண்டும் என்றார்கள். கீழ்முனையில் இருந்தவர்கள் தங்கள் பக்கம்தான் பிள்ளைகுட்டி அதிகம் என்றார்கள். நானும் ஓவர்சியரும் கோடு போட ஒரு சோக்குக்கட்டியோடு நடுவில் நின்றோம். வெயில் ஏற ஏற இரண்டு பக்கத்துக்கும் குரல் ஏறிக்கொண்டு வந்தது.

அந்தக் கூட்டத்தில் சத்தம் போடாமல் நின்றவள் ஒருத்திதான். திரேசம்மா என்று பெயர். வீடுகளில் உடுப்பு வாங்கித் தோய்த்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். அதற்கு வேண்டிய தண்ணீரைத் தினமும் பெரிய வீதியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து வருகிறவள். புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் வீட்டுக்கு வராமல் நேரே பந்தயத் திடலுக்குப் போகிற ஆள் என்று பிறகுதான் அறிந்தேன்.

இந்தக் குழாய்க்கு ஆர் பணம் தருகிறார்கள் என்று அவள் ஓவர்சியரைக் கேட்டாள். குதிரையில் பணம் கட்டுகிறவர்கள்தான் தருகிறார்கள் என்று அவர் பகிடியாகச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. தன் வாசலுக்கு எதிரே இருந்த மதிலைக் காட்டி ஒரு சொல் சொன்னாள். அதற்குப் பிறகு மேல்முனையும் வாய் திறக்கவில்லை, கீழ்முனையும் வாய் திறக்கவில்லை. அந்த ஒழுங்கையில் அநேகம் வீடுகளில் அதே கதைதான் போலிருக்கிறது. ஓவர்சியர் அவள் காட்டிய இடத்திலேயே கோடு போட்டார். அவள் சொன்னது இதுதான்:

“அப்ப என் தாலிக்கொடியும் அதுலதான் இருக்கு ஐயா. எனக்குக் கிட்ட வைங்க.”

வெளிச்சத்துக்கு எந்தப் பணம்?

துறைமுகத்துக்குக் கிட்ட கயிற்றுக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் இரண்டு மனுக் கொடுத்திருந்தார். ஒன்று, பள்ளிவாசல் ஒழுங்கைக்கு ஒரு விளக்கு. விடியற்காலைத் தொழுகைக்குப் போன ஒரு வயதாளி அந்த ஒழுங்கையில் வாய்க்கால் தெரியாமல் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு கிடந்தார். மற்றது, சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பொதுக் கக்கூசு. விளக்கைப் பந்தயப் பங்கிலிருந்தும் கக்கூசை வீட்டுவரிப் பணத்திலிருந்தும் செய்யலாம் என்று கொமிட்டி தீர்மானித்தது. ஒரே கூட்டத்தில் இரண்டு மனுவும் நிறைவேறியது எனக்குப் பெரிய காரியம். நானே போய்ச் சொன்னேன்.

ஹாஜியார் இஞ்சி போட்ட தேத்தண்ணி தந்தார். விளக்குக்கு எந்தப் பணம் என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த கோப்பையை அப்படியே கீழே வைத்தார். சூதாட்டத்தில் வந்த பணம் தங்கள் மார்க்கத்தில் விலக்கப்பட்டது, அந்த வெளிச்சத்தில் தொழுகைக்கு எப்படி நடப்பது என்று வருத்தத்தோடு கேட்டார். கோபம் ஒன்றும் இல்லை. எல்லாப் பணமும் ஒரே பெட்டிக்குள்தான் கிடக்கிறது என்று நான் எனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை. விளக்கு வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. முறிந்த இடுப்போடு கிடந்தவர் அவருடைய மச்சான்.

அடுத்த நாள் காலையில் கந்தோர் திறக்க முன்னமே வந்து நின்றார். ஒரு வழி யோசித்துக்கொண்டு வந்திருந்தார். அதை எங்கள் பெரிய கிளாக்கர் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபேச்சில்லாமல் அப்படியே திருத்தி எழுதி மெம்பர்மாரிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார். மாதம் முடிவதற்குள் விளக்கும் எரிந்தது, கக்கூசுக்கும் அத்திவாரம் வெட்டினார்கள். ஹாஜியார் சொன்ன வழி:

“பந்தயச் சல்லிய கக்கூசுக்குப் போடுங்க தம்பி, எங்கட வரிச் சல்லிய வெளக்குக்குப் போடுங்க. ரெண்டும் ஒரே பெட்டிலதான் கெடக்குதுண்டு எனக்கும் தெரியும், அல்லாஹ்வுக்கும் தெரியும். ஆனா அப்படி எழுதி வெச்சா நெஞ்சுக்கு லேசு.”

வாசிகசாலை

வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கிட்ட ஒரு வாசிகசாலை திறந்தோம். அதுவும் பந்தயப் பங்கில்தான். இளந்தாரிகள் குதிரைப் பந்தயத்தை விட்டு நல்ல வழிக்கு வரவேண்டும் என்பது அதைக் கேட்டு வாங்கிய மெம்பரின் எண்ணம். உட்கார நாலு வாங்கு, ஒரு நீள மேசை, ஆறு பத்திரிகை. முதல் மாதமே இருக்க இடமில்லாத கூட்டம். மெம்பருக்கு மகிழ்ச்சி. பிறகுதான் யாரோ அவர் காதில் போட்டார்கள். வருகிற கூட்டம் முழுவதும் படிப்பது எந்தக் குதிரை எந்தப் பந்தயத்தில் ஓடுகிறது என்கிற ஒரு பக்கத்தைத்தான், மற்றப் பக்கங்கள் மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன என்று.

மெம்பர் உடனே கட்டளை போட்டார். பந்தயப் பக்கத்தின் மேல் மண்ணிறக் கடதாசி ஒட்ட வேண்டும். வாசிகசாலையைப் பார்த்துக்கொண்ட சிரிசேன என்பவர் நல்ல மனிதர். தினமும் காலையில் கோதுமைமாப் பசை காய்ச்சி ஆறு பத்திரிகைக்கும் ஒட்டினார். ஒரு கிழமை கழித்து, பலன் எப்படி என்று பார்த்து எழுத என்னை அனுப்பினார்கள்.

நான் போன நேரம் ஏழெட்டுப் பேர் மேசையை விட்டு எழும்பி, கடல் பக்கத்து யன்னலோடு வரிசையாக நின்று, பத்திரிகையை உயர்த்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மூக்கு முட்டப் படித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு அக்கறையான வாசகர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. கிட்டப் போனபிறகுதான் விளங்கியது. மண்ணிறக் கடதாசிக்குள்ளால் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. நான் கந்தோர் ஆள் என்று கண்டதும் மற்றவர்கள் பத்திரிகையை இறக்கிவிட்டார்கள். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் மட்டும் இறக்கவில்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் என்று என்னிடம் சொன்னார்:

“ஒட்டுறதை ஒட்டட்டும் தம்பி. ஆனா கொஞ்சம் மெல்லிசுக் கடதாசியா ஒட்டச் சொல்லும், கண் நோகுது.”

கல்

அதே வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு இங்காலே ஒரு துண்டு நிலத்தில் சிறுவர் விளையாட ஊஞ்சல் இரண்டும் சறுக்குமரம் ஒன்றும் போடுவதாக முடிவாயிற்று. போடுவதற்கு முன்னால், யாருடைய முயற்சியால் இது நடந்தது என்று ஒரு கல் நாட்ட வேண்டும் என்றார் இன்னொரு மெம்பர். அவருடைய முயற்சிதான். கல்லும் நல்ல கருங்கல். பெயரை எழுத்துக்கூட்டிக் கொடுத்ததே நான்தான். மேலே பெயரை வெட்டி முடித்த கையோடு, கீழே எந்த மொழியில் என்ன எழுதுவது என்று கொமிட்டியில் இழுபறி வந்துவிட்டது. கல் வந்து சேர்ந்துவிட்டதால், மிச்சத்தைப் பிறகு வெட்டலாம் என்று நட்டுவிட்டார்கள். ஊஞ்சலுக்குச் சொன்ன மரம் வந்து சேரவில்லை. நாலைந்து மாதம் அந்தப் புல்லுக்குள் கல் மட்டும் தனியே நின்றது. ஊஞ்சல் பிறகு வந்ததுதான். பிள்ளைகள் ஊஞ்சலிலும் ஆடினார்கள், கல்லையே விக்கெட்டாக வைத்துக் கிரிக்கெட்டும் ஆடினார்கள்.

ஊஞ்சல் வருவதற்கு முந்திய ஒரு பின்னேரம், வேலையால் வந்து கடற்கரைக்குப் போகிற வழியில் அந்தப் பக்கமாக நடந்தேன். எங்கள் வீதியில் இருந்த வயதான வாத்தியார் ஒருவர் குடையை மடக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லுக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். என்னைக் கண்டதும் கல்லில் இருந்த பெயரைக் காட்டி மெதுவாகக் கேட்டார்:

“நல்ல மனுசன். போன மாதமும் ரயில்ல கண்டு கதைச்சனான். எப்ப காலமானவர்?”

அடியில் கிடந்த மனு

இதைச் சொல்லாமல் விட்டால் மற்றவற்றைச் சொன்னதில் நேர்மை இல்லை.

அன்னம்மா என்று ஒரு மருத்துவிச்சி கொட்டாஞ்சேனைப் பகுதியில் வேலை பார்த்தா. சனம் அவவை நேர்ஸ் அம்மா என்றுதான் கூப்பிடும். ஒற்றை அறைக்குள் பத்துப் பேர் படுக்கிற வீடுகளில், ஒரு சீலையை மறைப்பாகக் கட்டிவிட்டுப் பிள்ளைப்பேறு பார்க்கிறவ. இரண்டு கட்டிலும் தண்ணீரும் உள்ள ஒரு அறை கட்டித் தந்தால் போதும் என்று மனு எழுதிக் கொடுத்திருந்தா. அந்த மாதம் என் மேசையில் பன்னிரண்டு மனு. ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டு வாத்தியம் வாசிப்பதற்குக் கடற்கரையில் ஒரு மேடை வேண்டும் என்ற மனுவில் மூன்று மெம்பர்மார் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதை மேலே வைத்தேன். அன்னம்மாவின் மனுவில் அவவின் கையெழுத்து மட்டும்தான். அது அடிக்குப் போயிற்று. மேடையைப் பற்றிய பேச்சு முடியாமலே கூட்டத்தில் நேரம் முடிந்து, அதுவும் அடியில் இருந்தவையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டன. நான் அதைப் பிழை என்று நினைக்கவே இல்லை. மனுக்களை அப்படி அடுக்குவதுதான் வழக்கம்.

இரண்டு கிழமை கழித்து ஒரு நாள் மத்தியானம் அன்னம்மா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றா. சீலைக் கரை முழங்கால் வரை சேறு. ஒழுங்கைக்குள் ஒருத்திக்கு மூன்றாவது பிள்ளை; பிறந்தபிறகு இரத்தம் நிற்கவில்லை; வண்டி எதுவும் உள்ளே வர வழியில்லாமல், கதவுப் பலகையைக் கழற்றி அதில் கிடத்திப் பெரிய வீதிக்குத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது; பிள்ளை இருக்கிறது, தமக்கைக்காரி வைத்திருக்கிறாள். இவ்வளவையும் அறிக்கை வாசிக்கிறது மாதிரிக் குரல் உயராமல் சொன்னா. பிறகு தன் மனு என்ன ஆயிற்று என்று கேட்டா. எனக்குப் பொய் வரவில்லை. கட்டின் அடியிலிருந்து இழுத்து எடுத்தேன். எங்கேயிருந்து இழுத்தேன் என்பதை அவ பார்த்தா.

ஏச்சுக்குப் பழகினவன் நான். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவ மனுவில் இருந்த தூசைச் சீலைத் தலைப்பால் துடைத்து, தன் கையாலேயே கட்டின் மேலே வைத்தா. அன்றைக்குப் பின்னேரம் அறிக்கையைத் திரும்ப எழுதினேன். இறந்தவளின் பெயரை முதல் வரியிலேயே போட்டேன். அறிக்கைகளில் அப்படிப் பெயர் எழுதும் வழக்கம் இல்லை என்று பெரிய கிளாக்கர் சொன்னார். இருக்கட்டும் ஐயா என்றேன். அவர் அந்தப் பெயரை வெட்டவில்லை, விட்டுவிட்டார். அடுத்த கூட்டத்தில் முதல் வரியை வாசித்தபிறகு யாரும் மேடையைப் பற்றிக் கதைக்கவில்லை. அறைக்கு அனுமதி கிடைத்தது. அதைச் சொல்லப் போனபோது அவ நன்றி சொல்லவில்லை. எனக்கு இதுதான் சொன்னா:

“இனி ஆர் வந்து கேட்டாலும் இப்பிடியான மனுவுக்கு மேல வேற ஒண்டும் வையாதையும் தம்பி.”

மழைக்காலம்

எங்கள் பெரிய கிளாக்கர் செல்லத்துரை ஐயா வேதக்காரர், கிறிஸ்தவர். ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். சூது என்ற சொல்லே அவருக்கு ஆகாது. பந்தயப் பங்கை அவர் ‘அந்தப் பணம்’ என்றுதான் சொல்வார். பத்திரிகையைக் கையில் எடுத்தால் பந்தயப் பக்கத்தை உள்ளே மடித்துவிட்டுத்தான் மற்றதைப் படிப்பார்.

அன்னம்மாவின் அறைக்குச் சுவர் எழும்பியது. கூரைக்கு வேண்டிய பணம் அடுத்து வருகிற பங்கில்தான் வரவேண்டும். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. பந்தயத் திடலில் தண்ணீர் நின்று, குதிரை ஓட முடியாமல், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பந்தயத்தை நிறுத்திக்கொண்டு வந்தார்கள். பந்தயம் இல்லையென்றால் வரி இல்லை. வரி இல்லையென்றால் கூரை இல்லை. கூரையில்லாத அறைக்குள் மழை பெய்து, நிலத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அன்னம்மா வாரத்துக்கு ஒரு தடவை அங்கே போய், ஈரச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவதாக ஓவர்சியர் வந்து சொன்னார். செல்லத்துரை ஐயா அதைக் கேட்டுக்கொண்டே எழுதுவார். தலை நிமிர மாட்டார்.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிகிற நேரம். மற்றவர்கள் போய்விட்டார்கள். காலையில் கறுத்துக்கொண்டு நின்ற வானம் மெல்ல வெளித்து, மேசையில் வெயில் விழுந்தது. பைலைக் கொடுக்க உள்ளே போனேன். பெரிய கிளாக்கர் யன்னலருகே கண்ணை மூடி, விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றார். சுகமில்லையா என்று கேட்டேன். திடுக்கிட்டுக் கண் திறந்து, வெளியே ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“குதிரை ஓட வேணும், மழை பெய்யப்படாதெண்டு நான் செபம் செய்யிறதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும் தம்பி. முக்கியமா எங்கட பாதிரியாருக்கு.”

கும்பிடு

அறை கூரையோடு முடிந்து, கட்டில்கள் வந்து மூன்றாம் நாள் அங்கே முதல் பிள்ளை பிறந்தது. கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க அன்றைக்குத்தான் நான் போயிருந்தேன். வெளியே மாரிமுத்து என்ற ரிக்‌ஷாக்காரர் தன் வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நின்றபடியே நின்றார். இந்தியாவிலிருந்து வந்து, கோட்டையிலும் புறக்கோட்டையிலும் வண்டி இழுத்துப் பிழைக்கிறவர். சனிக்கிழமைகளில் பந்தயத் திடலுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவார். இதற்கு முன் ஒரு பிள்ளையை அவர்கள் பிறந்த அன்றே இழந்திருந்தார்கள் என்று அன்னம்மா என்னிடம் சொல்லியிருந்தா.

உள்ளே பிள்ளை அழுத சத்தம் கேட்டபோது அவர் அசையவில்லை. அன்னம்மா வெள்ளைத் துணியில் சுற்றிய பெண்பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவந்து காட்டி, தாயும் சுகம் என்று சொன்னபிறகுதான் வண்டியின் சட்டத்தை விட்டார். பிறகு என் காலில் விழ வந்தார். நான் பின்னுக்குப் போய், இது நான் கொடுத்தது இல்லை, மெம்பர்மார் கொடுத்ததும் இல்லை, சனிக்கிழமை பந்தயத்தில் சனம் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கு இங்கே இப்படி வந்திருக்கிறது என்று விளக்கிச் சொன்னேன். அவருக்கு அது நம்புகிற கதையாக இல்லை. அன்னம்மாவைப் பார்த்தார். அவவும் ஓம் என்றா. பிள்ளையைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“போறப்ப வண்டியில போயி, வாறப்ப நடந்து வருவாங்களே, அவங்க காசா சாமி? அவங்கள்ல யாரையாச்சும் பாத்தீங்கன்னா, நான் கும்பிட்டேன்னு சொல்லுங்க.”

சனிக்கிழமை ஒருவன் தொலைத்ததைத் திங்கட்கிழமை இன்னொருவனுக்கு ஆகிற ஒன்றாக மாற்றி, மூன்று பிரதி எடுத்துப் பைலில் போடுவதுதான் நான் இத்தனை வருஷம் பார்த்த உத்தியோகம். அதற்குப் பென்ஷன் வேறு தருகிறார்கள்.